மீனுக்குப் போட்ட கொழுக்கட்டை

நாலாம் வகுப்பில் என் பக்கத்து மேசையில் இருந்த சீனப் பிள்ளையை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் மூங்கில் இலையில் பொதிந்து அவித்த சோற்றுப் பொட்டலங்களை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். முற்காலத்தில் ஒரு புலவர் ஆற்றில் மூழ்கிப்போனாராம். அவருடைய உடலை மீன்கள் தின்னாமலிருக்க ஊர்ச்சனங்கள் சோற்றை ஆற்றில் போட்டார்களாம். ஆண்டுதோறும் அவர் நினைவாக வரும் பண்டிகைக்கு இந்தப் பொட்டலம் செய்யும் வழக்கம் அப்படித்தான் வந்ததாம். ஆசிரியை அவளை அணைத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

கையை உயர்த்தினேன். எங்கள் கொழுக்கட்டைக்கும் அப்படியொரு கதை உண்டு, கடலில் மூழ்கியவரை மீன் தின்னாமலிருக்கப் போடுவது என்று பிரெஞ்சில் அளக்கத் தொடங்கினேன். உங்கள் வீட்டில் அப்படிக் கடலில் போனவர் யாரென்று ஆசிரியை கேட்டார். படகில் போனதாக எனக்குத் தெரிந்த ஒரே ஆள் மாமா, அம்மாவின் தம்பி. அவரைச் சொன்னேன். ஆசிரியையின் கண் கலங்கிவிட்டது. சீனப் பிள்ளையின் புலவருக்குக்கூட அவர் கலங்கவில்லை. அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

மறுநாள் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆசிரியை ஏதேதோ சொன்னார். வழக்கம்போல் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

"உங்கட கொழுக்கட்டை நல்லதாம்" என்றேன்.

உணவகத்தில் பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு மீனுக்குப் பிரெஞ்சில் என்னவென்று தெரியும். தம்பி என்பதற்கான சொல்லும் தெரியும்.

"தம்பிக்கும் மீனுக்கும் என்ன கதை?" என்று பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு மாடிப்படியில் வைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அடி நிச்சயம் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மெய்யாவே மீன் ஆளை விட்டிடுமாமோ? அந்தப் பிள்ளையிட்டைக் கேள்" என்றார்.

சனிக்கிழமை கொழுக்கட்டை அவித்தார். சீனப் பிள்ளையையும் அவள் தாயிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டு, மெட்ரோ ரயிலில் லொங்கேய் வரை போய் அங்கிருந்த ஆற்றங்கரைக்குப் போனோம். எப்படிப் போடுவது, எத்தனை போடுவது என்றெல்லாம் என்னை வைத்தே அவளிடம் விசாரித்தார். பயறும் சர்க்கரையும் வைத்த அருமையான கொழுக்கட்டை, ஒவ்வொன்றாக ஆற்றில் போயிற்று. எனக்கு மிஞ்சியது வெறும் பாத்திரம்.

மாமாவிடமிருந்து கடிதம் வரும் என்று அதுவரை தினமும் சொல்லிவந்த அம்மா, அன்றிலிருந்து அதைச் சொல்லவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவேயில்லை. அன்று ஆற்றங்கரையிலிருந்து திரும்பி நடக்கையில் அந்தப் பிள்ளையின் கையை அம்மா இறுகப் பிடித்திருந்தார். எப்போது விடுவார் என்பதிலேயே என் கண் இருந்தது.