வீரமணி பயப்படவில்லை

என் தங்கச்சி புருஷன் வீரமணி இப்போது ஜெயிலில் இருக்கிறார். திருடியதற்காக இல்லை. திருடன் புகுந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் உள்ளே போயிருக்கிறார். புகுந்தவனோ தன் எட்டு மாசத் தண்டனையை எப்போதோ முடித்துவிட்டு வெளியே நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வயிறு எரிகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

கமுதி கோர்ட் வாசலில் எனக்கு ஜெராக்ஸ் கடை. இருபது வருசமாக ஊரார் கேஸ் கட்டையெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவன், கடைசியில் சொந்த மாப்பிள்ளையின் கட்டையும் எடுத்தேன். என் தலையெழுத்து.

வீரமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. மூன்று ஏக்கரில் முண்டு மிளகாய் போடுகிறார். நல்ல உழைப்பாளி, குடி கிடையாது, பெண்டாட்டியைக் கை நீட்டியது கிடையாது. ஒரே கோளாறு அந்த மீசை. காலையில் எழுந்து மாட்டைப் பார்க்கிறாரோ இல்லையோ, கண்ணாடியில் மீசையைப் பார்த்துவிடுவார். அந்த மீசைக்குத் தகுந்த ஆளாக நடக்க வேண்டுமே என்று ஆயுசு முழுக்கப் பாடுபட்டார், பாவம். பாம்பு என்றால் ஆகாது, ஊசி என்றால் ஆகாது. கொரோனா ஊசி போட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்துவிட்டு, வெயில் தாங்கவில்லை என்று ஊருக்குச் சொன்னார். அன்றைக்குக் காலையிலிருந்து மழை.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் எந்தக் கெட்ட வார்த்தையையும் முச்சந்தியில் நின்று கத்தலாம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘பயந்துட்டேன்’ என்று ஓர் ஆம்பளை சொல்லிவிட்டால் போச்சு, அவன் பேரன் கல்யாணம் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், நல்ல உச்சி வெயில். மிளகாய்ப் பழம் எடுக்கிற காலத்தில் எல்லாரும் காட்டில் கிடப்பார்கள், வீடுகள் பூட்டிக் கிடக்கும். இது திருடர்களுக்கும் தெரியும். குடிக்கத் தண்ணீர் எடுக்க வீட்டுக்கு வந்த வீரமணி, பூட்டு உடைந்து கிடப்பதைப் பார்த்தார். உள்ளே பீரோ முன்னால் ஒருத்தன், கையில் கத்தி. அவன் பெயர் வழிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. பெயருக்கு ஏற்றபடி வழி விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. கத்தியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான்.

மாப்பிள்ளை கதவு மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ஆத்தாடி!” என்று அலறி, ஒரே ஒரு போடு போட்டார். கத்தி பிடித்த மணிக்கட்டு உடைந்தது. அவன் வெளியே ஓடினான். இவர் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, “அமுதா! அமுதா!” என்று உள்ளே இருந்து கத்தினார். ஓடியவன் கண்மாய்க் கரையில் இடறி, மடைக் கல்லில் விழுந்து, தன் காலையும் தானே உடைத்துக்கொண்டான். அங்கே ஆடு மேய்த்தவர்கள் பிடித்து போலீசில் ஒப்படைத்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். சத்தம் கேட்டு மிளகாய் காயவைக்கிற களத்திலிருந்து ஓடிவந்த என் தங்கச்சி அமுதவள்ளி, “நான்தாங்க, கதவத் திறங்க” என்று கால் மணி நேரம் கெஞ்சித்தான் அவரை வெளியே கொண்டுவந்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் மாலை மரியாதையோடு முடிந்திருக்கும். மறுநாள் டீக்கடையில் சுரேஷ் என்கிற வேலையற்ற பயல் வீடியோ எடுக்கப் போனை நீட்டி, “சித்தப்பு, எப்படிப் போட்டுத் தள்ளுனீக?” என்று கேட்டான். மாப்பிள்ளையின் கை தானாக மீசைக்குப் போனது.

“ஏலே, கைய ஒடிச்சா மட்டும் போதுமா? கண்மாய்க்கர வரைக்கும் வெரட்டுனேன். அண்ணே விட்ருங்கன்னு மண்டி போட்டான். மண்டி போட்டவன் கால ஒரே அடி. முறிஞ்சிருச்சு.”

அந்தப் பயல் அதற்கு மேளம் பறை எல்லாம் வைத்து நெட்டில் ஏற்றிவிட்டான். இரண்டே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

“மாப்ள, என்னய்யா இது கூத்து?” என்று போனில் கேட்டேன்.

“மச்சான், சிங்கப்பூர்லருந்தெல்லாம் பாக்குறாக!”

“இங்கன இருந்து இன்ஸ்பெக்டரும் பாக்குறாருய்யா!”

சொல்லி வாய் மூடவில்லை, திருடன் காலை ஒடித்ததாக மாப்பிள்ளை மேலேயே கேஸ் போட்டுவிட்டார்கள். ராமநாதபுரத்திலிருந்து லாமியா வக்கீலைப் பிடித்தேன். கெட்டிக்காரப் பெண். அமுதவள்ளியிடம் நடந்ததைக் கேட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி விளக்கினார்.

“அண்ணே, கத்தியோட வந்தவன அடிச்சது தப்பே இல்ல, அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. கை உடைஞ்சது தற்காப்பு. கால் உடைஞ்சதுதான் கேஸ். அவன் மூஞ்சியக் காட்டுற வரைக்கும் அடிக்கலாம். முதுகக் காட்டிட்டான்னா நம்ம உலக்கையக் கீழ போட்டிரணும். நீங்க நீதிபதிகிட்ட உள்ளதச் சொல்லுங்க. பயந்துட்டேன், ஒரு அடி அடிச்சேன், கதவச் சாத்திக்கிட்டேன். வீடியோல பேசுனது சும்மா வாய்ப் பேச்சு. அவ்வளவுதான்.”

மாப்பிள்ளை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சுதாரிச்சேன்னு சொன்னா ஆகாதா தாயி?”

“ஆகாது.”

“கொஞ்சம் யோசனையாப் போச்சுன்னு?”

“யோசனை பண்ணி அடிச்சேன்னா இன்னும் மோசம்ணே. உயிருக்குப் பயந்தேன்னு சொல்லணும்.”

“அந்தப் பய வேணும்னா பயந்திருப்பான். அத எழுதிக்கங்க.”

விசாரணைக்கு முந்திய வாரம் முழுக்க என் தங்கச்சி அடுப்படியில் உட்காரவைத்து அவருக்கு அந்த ஒரு வார்த்தையைப் பழக்கினாள். ‘ப’ வரைக்கும் வரும், அப்புறம் இருமல் வந்துவிடும். வெறுத்துப்போய், “நானே சாட்சி சொல்றேன்” என்றாள்.

“நீ கூண்டுல ஏறுனா நான் கண்மாயில விழுந்துருவேன்!”

“கண்மாயில தண்ணி எங்கன இருக்கு?” என்று கேட்டுவிட்டு அழுதாள். இவர் உள்ளே போய்விட்டால் மூன்று ஏக்கரை ஒண்டியாக எப்படிப் பார்ப்பது என்ற கவலை அவளுக்கு.

கோர்ட்டுக்கு எங்கள் ஊரிலிருந்து வேன் பிடித்துப் பதினாலு பேர் வந்தார்கள். வீரனைப் பார்க்கவாம்! பின்வரிசையில் உட்கார்ந்து மிக்சர் தின்றார்கள். அந்த மிக்சர் பொட்டலத்தைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது எனக்கு.

வழிவிட்டான் நொண்டிக்கொண்டே கூண்டில் ஏறினான். “இவர் உங்களைத் துரத்தி வந்து காலை உடைத்தாரா?” என்று லாமியா கேட்டதும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“அய்யா, பதினஞ்சு வருசமாத் தொழில்ல இருக்கேன். ஒருத்தன் என்னைய ஓடிப் பிடிச்சான்னு வெளிய தெரிஞ்சா நான் எப்படித் தல காட்ட? அவரு வெரட்டவே இல்ல. என்னையவிட அதிகமா அவருதான் அலறுனாரு. அடிச்சப்ப கண்ணக்கூடத் திறக்கல. நான் வெளிய வந்ததும் உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டாரு. கால் நானா விழுந்து ஒடிச்சது.”

எனக்கு உயிர் வந்தது. களவாணிப் பயலே, நீ நல்லா இரு என்று மனசாரச் சொன்னேன். லாமியா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு நீதிபதி மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். “சாட்சி சொன்னதைக் கேட்டீர்கள். பயந்து ஒரு அடி அடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள் என்கிறார். உண்மைதானா?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். மாப்பிள்ளை நீதிபதியைப் பார்த்தார், அப்புறம் பின்வரிசையைப் பார்த்தார். மிக்சர் தின்கிற சத்தம் நின்றிருந்தது.

“பச்சப் பொய் அய்யா! களவாணிப் பய பேச்ச நம்பாதீக. நான் எதுக்குப் பயப்படணும்? கண்மாய்க்கர வரைக்கும் வெரட்டித்தான் கால ஒடிச்சேன்!”

பின்வரிசையில் எவனோ ஒருத்தன் விசில் அடித்தான். லாமியா கேஸ் கட்டை எடுத்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

ஒரு வருசம் தண்டனை. அப்பீல் போட்டால் ஜாமீன் கிடைக்கும், வீட்டுக்குப் போகலாம் என்றார் லாமியா. “நடந்தத நடந்தபடி எழுதிக் கொண்டுவாரேன், நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“அதுல அந்த வார்த்த வருமா?”

“வராம எப்படிண்ணே?”

“அப்ப வேணாம்” என்று சொல்லிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே வேனில் ஏறினார். இந்தத் தடவை போலீஸ் வேன்.

மறுநாள் ஊர் முகப்பில் சுரேஷ் கோஷ்டி இருபது அடிக்கு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டது. ‘பயம் அறியாச் சிங்கமே!’ என்று கொட்டை எழுத்து, கீழே மாப்பிள்ளையின் முகம், அதன் இரண்டு பக்கமும் நிஜச் சிங்கங்கள். தங்கச்சி அரிவாளோடு போய்க் கயிறுகளை அறுத்து, அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். படம் மேலே தெரிகிற மாதிரி விரித்து, ஒத்தை ஆளாக மிளகாய்ப் பழத்தைக் காயப்போட அள்ளி அள்ளி அதன் மேல் கொட்டினாள். சுரேஷ் பதறிப்போய் ஓடிவந்தான்.

“சின்னாத்தா, சித்தப்பு மூஞ்சியில போய்…”

அமுதவள்ளி நிமிரவில்லை. அழுதுகொண்டேதான் மிளகாயைப் பரப்பினாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா மனுசன் இந்நேரம் இங்கன நின்னு எங்கூட அள்ளிக்கிட்டிருப்பாரு. வாயில வரல. போட்டோவாச்சும் வேல செய்யட்டும், தள்ளிப் போலே.”