நான் படித்துச் சொன்ன கடிதம்

ஐம்பதுகளின் நடுவில் நான் நாலாவது பாரம், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்தேன். வீடு கும்மிடிப்பூண்டியில், பள்ளிக்கூடம் பொன்னேரியில். அப்பா ரயில்வேயில் போர்ட்டராக இருந்ததால் எனக்குப் பாஸ் கிடைத்தது. அது இல்லாவிட்டால் ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் படிக்க அனுப்பியிருக்கமாட்டார்கள். எங்கள் தெருவில் இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கர்வம் இருந்தது.

அந்த வருஷம் இங்கிலீஷ் வாத்தியார் எங்களைக் கடிதம் எழுதப் பழக்கினார். வாரம் ஒரு கடிதம். தலைமையாசிரியருக்கு லீவு லெட்டர், பார்சல் தொலைந்துபோனதாகப் போஸ்ட்மாஸ்டருக்குப் புகார், கோடை விடுமுறைக்கு ஊட்டிக்கு வரச்சொல்லித் தோழிக்கு அழைப்பு. எங்கள் வகுப்பில் யாருக்கும் பார்சல் வந்ததில்லை, ஊட்டியை யாரும் பார்த்ததுமில்லை. ஆனாலும் வலது மூலையில் விலாசம், அதன்கீழ் தேதி, பிறகு 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று மணிமணியாக எழுதினோம். எனக்கு எப்போதும் பத்துக்கு எட்டு.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். பிள்ளை இல்லை. அவள் புருஷன் ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வேலையில் இருந்தவர். இருமலில் ரத்தம் வர ஆரம்பித்ததும் பட்டணத்துக்குத் தெற்கே இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் மாதம் ஒரு கார்டு அவருக்காகத் தமிழில் எழுதிப்போடுவார். அது திடீரென்று நின்றுபோனது. அக்கா என்னை வைத்து இரண்டு கார்டு போட்டாள். பதில் இல்லை.

"தமிழ்ல போட்டா எவன் மதிக்கறான்? நீ பெரிய டாக்டருக்கே இங்கிலீசுல எழுது பாப்பா. படிச்சவங்க ஊடுன்னு நெனச்சு பதில் போடுவாங்க" என்றாள்.

எனக்குக் கை பரபரத்தது. முதல்முறையாக நிஜமான கடிதம். மூன்று தடவை எழுதிப் பார்த்து, நாலாவதை நல்ல காகிதத்தில் எழுதினேன். அக்காவை வலது பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னேன். ரேகைக்கு இடது கைதான் என்று அப்பா திட்டியதும் மறுபடி ஒன்று எழுதினேன். அலுத்துக்கொள்ளவே இல்லை.

பத்து நாளில் பழுப்பு உறையில் பதில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் ரயிலிறங்கி வீட்டுக்கு வருவதற்குள் அக்கா எங்கள் வாசலில் நின்றிருந்தாள். டைப் அடித்த நாலே வரி. அவர் பெயர், படுக்கை எண், பிறகு 'எக்ஸ்பயர்டு', ஒரு தேதி. இந்தக் கடிதத்தோடு பதினைந்து நாளுக்குள் வந்து அவருடைய சாமான்களைப் பெற்றுக்கொள்ளவும்.

எக்ஸ்பயர்டு எனக்குத் தெரிந்த சொல். 'என் சீசன் டிக்கெட் நேற்றோடு எக்ஸ்பயர் ஆகிவிட்டது' என்று வாத்தியார் போர்டில் எழுதிப்போட்டிருந்தார். தவணை முடிந்துவிட்டது.

"அக்கா, அவரு ஆஸ்பத்திரில இருக்கவேண்டிய கெடு முடிஞ்சுபோச்சாம். சாமானெல்லாம் எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்போ வுட்டுட்டாங்களா? கூட்டிக்கினு வரலாமா?"

"ஆமாக்கா."

திங்கட்கிழமை வரை பொறுத்து வாத்தியாரிடம் காட்டியிருக்கலாம். ஒரு சொல்லில்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை, தேதியையும் யோசித்துப் பார்க்கவில்லை. வந்திருந்தாலும் அக்கா முகத்தைப் பார்த்தபிறகு சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வண்டியில் புறப்பட்டோம். அங்கே இங்கிலீஷ் பேசவேண்டியிருக்கும் என்று என்னையும் அழைத்துக்கொண்டாள். தலை நிறையக் கதம்பம், நெற்றியில் பெரிய குங்குமம். துணிப்பையில் வெளுத்த வேட்டி, சட்டை, அவருக்குப் பிடித்த புளிசோறு. சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். இனிமேல் மில் வேலைக்கு அனுப்பமாட்டாளாம். வாசலில் நாஷ்டா கடை போட்டுவிடுவாளாம், அவர் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டால் போதுமாம்.

ஆஸ்பத்திரி ஆபீசில் வயதான குமாஸ்தா ஒருவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். அக்காவின் பூவைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

"இத யாராவது படிச்சுச் சொன்னாங்களாம்மா?"

"இதோ, இந்தப் பொண்ணுதான். பொன்னேரில படிக்குது. எங்க ஊட்டுக்காரர எப்போ அனுப்புவீங்க சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவரு போயிட்டாரும்மா."

"எங்க போயிட்டாரு? ஊட்டுக்கு வரலியே சார்."

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. அக்காவுக்குப் புரியவில்லை. புருஷன் வழி தெரியாமல் எங்கோ இறங்கிவிட்டாரா என்று பதறிக் கேட்டாள். குமாஸ்தா என்னைப் பார்த்தார், நான் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் அவரேதான், "செத்துட்டாரும்மா. ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. யாரும் வராததால இங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார்.

சாமான்கள் என்று கொடுத்தது ஒரு துண்டு, ஒரு அலுமினிய டம்ளர், நான் எழுதிய இரண்டு கார்டுகள். கார்டுகள் அவர் இறந்தபிறகு வந்திருந்தன.

அக்கா அழுதது ஆஸ்பத்திரி வராந்தாவில். ரயிலில் அழவில்லை. பூவை அவள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவும் அங்கே யாருமில்லை. பொன்னேரி தாண்டியபிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"பள்ளிக்கூடத்துல சாவுக்கு வார்த்தை சொல்லித் தர்லியா?"

திட்டுகிறமாதிரி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை வாத்தியாரிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, யாருக்கு என்ன நடந்தது என்று வகுப்பில் சொல்லாமல், சாவைக் குறிக்கும் சொற்களை வரிசையாகப் போர்டில் எழுதினார். பரீட்சைக்கு வரும் என்று எல்லாரும் காப்பி எடுத்துக்கொண்டார்கள். நானும் எழுதினேன். அந்த வாரக் கடிதத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அக்கா ஆர்.கே.பேட்டைப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போவது என்று முடிவானது. போவதற்கு முந்தின நாள், வெறும் நெற்றியோடு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். திதி கொடுக்கத் தேதி வேண்டுமாம். என்னால் அதைத் தொட முடியவில்லை. அம்மா அதட்டியதும் வாங்கிப் படித்தேன். போன மாதத்துக்கு முந்தின மாதம், ஒன்பதாம் தேதி.

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அன்னிக்கு முகூர்த்த நாள். கவரப்பேட்டைல கல்யாணத்துல குந்திக்கினு ரெண்டு தபா பாயசம் வாங்கிச் சாப்ட்டேன்" என்றாள்.

அம்மா உள்ளே போய்விட்டாள். நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். அக்கா அதை உறைக்குள் போட்டு, உறையை முந்தானையில் முடிந்துகொண்டு, சாமான் கட்டவேண்டும் என்று சொல்லிப் போனாள்.