பதினொரு மணி வருகைப்பதிவு

ஒரு பெண்ணின் கல்லூரி இடத்தை நான் பறித்தேன். பொறாமையால் பறித்தேன். அதற்கு வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்றப் போவதில்லை.

விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவர்களை எங்கள் கல்லூரி நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் தினமும் காலையில் தனி வகுப்பு, முடிவில் தேர்வு. தேர்விலும் தேற வேண்டும், வருகையும் குறையக் கூடாது. ஒன்று தவறினாலும் இடம் போய்விடும். அவர்களைக் கரையேற்றுவதுதான் என் வேலை... நினைத்துப் பாருங்கள்!

சென்ற ஆண்டு அந்த வகுப்பில் கலையரசி இருந்தாள். கைக்குழந்தைக்காரி. தினமும் பதினொரு மணிக்கு அவளுடைய மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை அவருக்கு. மருமகள் படிக்கட்டும் என்று மதிய ஷிப்டுக்கு மாறியிருந்தார். கலையரசி போய்ப் பால் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்புவாள்.

ஒரு நாள் வாசலில் அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"நீ போயி படி புள்ள. இவன நான் பாத்துக்குறேன்."

நான் பாத்துக்குறேன்! என்னிடம் யாருமே சொல்லாத சொல்.

"ஊரான் வூட்டுப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறியே, உம் புள்ளைக்கு யாரு சோறு ஊட்டுறது?" என்பார் என் மாமியார். பிறகு அவரேதான் ஊட்டுவார். ஆனால் கேட்காமல் ஒரு நாளும் ஊட்டியதில்லை.

இந்த வேலைக்காக, எட்டாம் மாதமே வேப்பிலை அரைத்துத் தடவி, மகனைப் பால் மறக்கடித்தேன். வாய் கசந்து அவன் என்னைப் பார்த்த பார்வை... கலையரசியோ பால் வாசத்தோடு வகுப்புக்குள் வருவாள், நோட்டைத் திறப்பாள். படிப்பையும் விடவில்லை, பிள்ளையையும் விடவில்லை. எனக்கு மட்டும் ஏன் ஒன்றை விட வேண்டியிருந்தது?

பத்தரை மணிக்கு, வகுப்பு தொடங்கும்போது பெயர் கூப்பிடுவதுதான் என் வழக்கம். இரண்டாம் வாரத்தில் அதைப் பதினொரு மணிக்கு மாற்றினேன். சேத்தியாத்தோப்புப் பஸ்ஸில் தாமதமாக வருகிறவர்களுக்காக என்று காரணம் சொன்னேன். அவர்களுக்கு அது உதவியாகவும் இருந்தது. பாருங்கள், செய்த பாவத்துக்கு ஒரு புண்ணியத்தையும் துணை சேர்த்துக்கொண்டேன்!

"கலையக்கா புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிருக்காங்க மேம்" என்றாள் முன் பெஞ்சுப் பெண்.

"அந்தப் பொடியன் பேரையும் ரோல்ல சேத்துடுங்க மேம். அவன்தான் டெய்லி கரெக்ட் டைமுக்கு வரான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டேன்.

மூன்றாம் நாள் கலையரசியே வந்து நின்றாள்.

"பேரு கூப்புட்டப்ப நான் இல்லீங்க மேம். வந்ததா போட்டுடுவீங்கள்ல?"

"பாத்துக்கலாம்" என்றேன்.

எங்கள் பக்கம் ஒருவர் "பாத்துக்கலாம்" என்றால், காரியம் ஆன மாதிரிதான். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மறுபடி கேட்கவே இல்லை. "முடியாது" என்று நான் சொல்லியிருந்தால், குழந்தையை அரை மணி தள்ளித் தூக்கிவரச் சொல்லியிருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

தேர்வில் அவள்தான் முதல். வருகை கால்வாசிகூட இல்லை. இடம் போயிற்று.

அவளுடைய மாமியார் முதல்வர் அறைக்கு வந்தார்; வருகை ஏட்டோடு நானும் அங்கே இருந்தேன். நகக்கண்களில் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது.

"டீச்சரம்மா பாத்துக்கலாம்னு சொன்னாங்களாம்ங்க ஐயா..." என்று என் பக்கம் திரும்பினார். சந்தேகப்பட்டு அல்ல, என்னைத் துணைக்கு அழைத்தார்!

"ரூல்ஸ்ங்கம்மா..." என்றேன்.

"அப்ப தப்பு எம்மேலதான். நேரங்கெட்ட நேரத்துல புள்ளையத் தூக்கியாந்து, அவ படிப்ப நானே கெடுத்துட்டேன்." தலையில் அடித்துக்கொண்டார்.

நான் ஏட்டை மூடினேன்.

போன வாரம் மகனுக்குப் பொம்மை வாங்கப் போனேன். கடைக்குப் பின்னாலிருந்த பட்டறையில் கலையரசி பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தூரிகையோடு எழுந்து நின்றாள்.

"நல்லா இருக்கீங்களா மேம்? நீங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணுகூட மறக்கல. இந்த வருஷம் திரும்ப என்னைச் சேத்துப்பாங்களான்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டால் பழைய ஏட்டை எடுப்பார்கள். பெயர் கூப்பிடும் நேரம் மாறிய அன்றுதான் அவளுடைய ஆப்சென்டுகள் தொடங்கின என்பது யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்?

"பாத்துக்கலாம்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே திரும்பி, "அத்தை, மேம் பாத்துக்குறாங்களாம்!" என்று கூவினாள்.

சேர்க்கை இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று புதன். நான் இன்னும் ஆபீஸ் பக்கம் போகவில்லை.