மூன்றாவது உலைக்கு எங்கள் தட்டு கிடையாது

பாரிஸ், லூர்து, ஸ்கொட்லாந்து என்று எழுதிவந்த இந்த வலைப்பூவில் இந்த முறை ஒரு புகைபோக்கிக்குப் போய்வந்த கதையை எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

கிழக்கு லண்டனில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. இரண்டு உலைகள் எரிகின்றன, மூன்றாவதுக்குக் கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். என் கணவரின் அக்கா மலர் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறார். நான் அவரை மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்துமாக்காரர். சமைக்கிற குசினியின் ஜன்னலைத் திறந்தால் அந்தப் புகைபோக்கிதான் முதலில் தெரியும். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பொதுமக்கள் ஆலையை இலவசமாகச் சுற்றிப்பார்க்கலாம், முடிவில் கேள்வியும் கேட்கலாம் என்று அறிவிப்பு வந்தது. "வதனி, நீ வாறியோ, நான் தனியப் போகவோ?" என்று போன் பண்ணினார். இதற்குப் பிறகு மோர்டனில் என் வீட்டில் கால்நீட்டி இருக்க ஏலுமா?

காலை எட்டரைக்கு மோர்டனில் நோர்தர்ன் லைன் ஏறி, மூர்கேட்டில் எலிசபெத் லைனுக்கு மாறினேன். ஃபாரஸ்ட் கேட் வரை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மச்சாளோடு பஸ், ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். இறங்கிப் பத்து நிமிட நடை, வழியில் ஒரு தேநீர்க்கடைகூடக் கிடையாது. பிளாஸ்க் கொண்டுபோங்கள். மூடிய சப்பாத்து கட்டாயம் என்று அறிவிப்பில் இருந்தது. மச்சாள் சேலையும் செருப்புமாக வந்திருந்தார். வாசலில் பூட்ஸ், தலைக்கவசம், மஞ்சள் ஜக்கெட் எல்லாம் கொடுத்தார்கள். சேலைக்கு மேல் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு, "படம் எடுத்துப் போட்டியோ, கொன்றுபோடுவன்" என்று எனக்கு எச்சரிக்கை. அதனால்தான் இந்தப் பதிவில் படம் இல்லை.

எங்கள் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். வழிகாட்டியாக வந்த இளம் பொறியாளர் எங்களைப் பார்த்ததும், "தமிழா அக்கா? நான் மதுரை, பேரு கார்த்திக்" என்றார். மச்சாளுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. தம்பியின் ஊர், படிப்பு, கலியாணம் எல்லாம் விசாரித்து முடித்தபிறகே உலைப் பேச்சுக்கு வந்தார்.

"தம்பி, உந்தக் கார்பன் வியாபாரம் எண்டு சொல்லுறாங்களே, அது என்னது?"

"ஒரு டன் கார்பனை வெளியே விட்டா ஒரு உரிமம் வாங்கணும் அக்கா. மொத்தம் எத்தனை உரிமம்னு அரசாங்கம் வச்சிருக்கு, அது வருஷா வருஷம் குறையும். மின்நிலையம், இரும்பாலையெல்லாம் ஏற்கெனவே வாங்குது. அடுத்து எங்களை மாதிரி குப்பை எரிக்கிற ஆலைகளையும் சேர்க்கப் போறாங்க."

"பாஸ் எண்டு சொல்லுமன். பாஸ் இருந்தாப் போகலாம், இல்லாட்டி நிக்கவேணும். சண்டைக் காலத்தில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட ஆரிட்டயெல்லாம் பாஸுக்கு நிண்டனாங்கள். எங்களுக்குத் தெரியாத பாஸே!"

வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. பிரிட்டன் முன்பு ஐரோப்பிய நாடுகளின் பொதுச் சந்தையில் இந்த உரிமத்தை வாங்கி விற்றது. பிரெக்சிட்டோடு கோபித்துக்கொண்டு வெளியேறித் தனி அடுப்பு மூட்டியது. இப்போது இரண்டு சந்தைகளையும் இணைக்கப் பேச்சு நடக்கிறது. இந்த ஏற்பாடே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. மொத்தப் புகை குறைந்தால் நல்லதுதானே. ஆனால் எந்தப் புகைபோக்கியில் குறையும் என்று அது சொல்லாது. அதுதான் என் கோபம்.

இரும்புப் படிகள் ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் நின்று குப்பைக் குழியைப் பார்த்தோம். ஒரு பெரிய வீடே உள்ளே இறங்கும் ஆழம். மேலிருந்து ஓர் இரும்புக் கை இறங்கி அள்ளித் தூக்கியது. கறுப்புப் பை ஒன்று கிழிந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் கொட்டின, சாம்பார் மஞ்சளோடு. பக்கத்தில் தமிழ் எழுத்துப் போட்ட அரிசிப் பை தொங்கியது. மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஐயோ வதனி, இது எங்கட வெள்ளிக்கிழமையெல்லே!"

மச்சாள்தான் ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஒரு கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானச் சமையலுக்குப் பொறுப்பு, பரிமாறுவது அந்த வெள்ளைத் தட்டில்தான். கார்த்திக் குரலைத் தாழ்த்தி, "சோறு எரிஞ்சா கணக்குல வராது அக்கா. பிளாஸ்டிக் எண்ணெய்ல இருந்து வந்தது, அதுக்குத்தான் உரிமம்" என்றார்.

கீழே பிஸ்கட், தேநீர், கேள்வி நேரம். ஆலையை நடத்தும் முகாமையாளர் வெள்ளைக்காரர், மரியாதையான மனிதர். உரிமம் வாங்கியே எரிப்போம், ஆகவே மூன்றாவது உலை பொறுப்பான உலை என்றார். உரிமக் காசை யார் கொடுப்பது என்று கேட்டேன். குப்பை அனுப்பும் கவுன்சில்களிடம் வாங்க வேண்டிவரலாம் என்றார். கவுன்சில் யாரிடம் வாங்கும்? எங்களிடம்தான்! புகையும் எங்களுக்கு, பில்லும் எங்களுக்கு. அதைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் சிரித்தபடி, "குப்பையும் உங்களுடையதுதானே? அது வந்துகொண்டிருக்கும்வரை உலை வேண்டும்" என்றார்.

மச்சாள் எழும்பினார். தமிழில் சொல்கிறேன், தம்பி மாற்றிச் சொல்லட்டும் என்றார்.

"ஓம், எங்கடதான். இப்பதான் என்ர கண்ணால பாத்தனான். வெட்கம்தான், அதுக்காக வாயை மூடமாட்டன். வாற வெள்ளியில இருந்து எங்கட குசினியால ஒரு பிளாஸ்டிக் பிளேட்டும் உங்களுக்கு வராது. நாங்கள் குறைக்கிறம். அப்ப நீங்கள் மூண்டாவது உலையில எதைப் போட்டு எரிக்கப் போறியள்?"

கார்த்திக் தன் முகாமையாளரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு என் வணக்கம். முடிவு தன் கையில் இல்லை என்றார் முகாமையாளர்.

"உங்கட கையில இல்லையோ? பரவாயில்லை. பிளேட் என்ர கையில இருக்கு."

அடுத்த வெள்ளி நானும் போனேன். வீடு வீடாகச் சேர்த்த எவர்சில்வர் தட்டுகள் அடுக்கியிருந்தன. "ஆர் கழுவுறது?" என்று கோயில் நிர்வாகத்தில் ஒருவர் முணுமுணுத்தார். "திண்டவை கழுவட்டும், முதல் நீங்கள்" என்றார் மச்சாள். இடையில் இரண்டு தரம் இன்ஹேலர் இழுத்துக்கொண்டாரே தவிர, தொட்டியை விட்டு நகரவில்லை. கார்த்திக்கும் வந்தார். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார், தன் தட்டைத் தானே கழுவினார். மூன்றாவது உலை பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அவருடைய வேலை அது.

கவுன்சிலின் முடிவு இன்னும் வரவில்லை. உங்கள் பகுதியிலும் இப்படி ஓர் ஆலை இருந்தால் பார்வையாளர் நாளைத் தேடிப் பதிந்துகொள்ளுங்கள். சேலை வேண்டாம். குழிக்கு முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள், உங்கள் வீட்டுப் பை வரும்வரை. உரிமக் காசு யார் தலையில் விழும் என்று கேளுங்கள். குப்பை உங்களுடையது என்று சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள், ஒத்துக்கொண்டு நிமிர்ந்தே நில்லுங்கள்.

கவுன்சில் கூட்டம் நடக்கும் அன்று நாங்கள் பதாகை ஒன்றும் பிடிக்கப்போவதில்லை, அதுவும் பிளாஸ்டிக்தான். ஆளுக்கொரு தட்டோடு போகிறோம், கழுவின தட்டு. நீங்களும் வாருங்கள். தட்டில்லாதவர்களுக்கு மச்சாள் தருவார், திருப்பிக் கொடுக்காவிட்டால் வீட்டுக்கே வருவார்.