எண்ணெய் தேய்க்க வந்தவர்

அன்றைக்குக் கோர்ட்டில் ஜட்ஜம்மா இருந்தாங்க. என் வக்கீல் இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் இருந்தார். நான் இருந்தேன். கடைசியாகக் கம்பெனி சாட்சி என்று கூண்டில் ஏறினவரை எனக்குத் தெரியும்.

போன சாரல் சீசனில் குற்றாலத்தில் என்னைத் தேடி வந்தவர். குள்ளமான ஆள், நரைத்த மீசை. சட்டையைக் கழற்றி நாலாக மடித்து, அதன்மேல் செல்போனை நிமிர்த்தி வைத்தார். பாட்டு கேட்கத்தான் என்று நினைத்தேன்.

பண்பொழி ரோட்டில் ஓரமாகப் போன என்னைக் கார் அடித்ததிலிருந்து வலது கை விரல்கள் மடங்காது. நாற்பது சதவீதம் ஊனம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நஷ்டஈட்டுக் கேஸ் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்க்கிற தொழிலை விட்டிருந்தேன்.

“இடுப்பு பிடிச்சிட்டு அண்ணாச்சி. ஒரு தடவை மட்டும்.”

“கை வராதே சார்.”

“கை வார அளவுக்குப் போதும்.”

முழங்கையால் அமுக்கினேன். அவர் இடுப்பு நிஜமாகவே கல்லாக இறுகிக் கிடந்தது.

கோர்ட்டில் அந்த வீடியோவைப் போட்டார்கள். என் தோள் ஏறி இறங்குவது தெரிந்தது. விரல் தெரியவில்லை. “நல்லா வேலை பாக்காரும்மா,” என்றார் அவர், கைக்குட்டையை நாலாக மடித்தபடி.

வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

“கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. நீங்க அமுக்கினதுல ஆறு மாசம் வலியே இல்ல. இப்ப திரும்பவும் பிடிக்கி. என்னைக்கு வரட்டும்?”

கேலி இல்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டுதான் நின்றார். அந்த மனுசனை இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

தீர்ப்பில் என் கைக்கு எழுதினது எட்டு சதவீதம்.