கால் ஊன்றாத வண்டி

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. பேய், பிசாசு என்றால் சிரிக்கிறவன்தான் நானும். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், எனக்கே நடந்தது.

அன்று காலை வழக்கம்போல எழுந்தேன். பல் தேய்த்தேன். ஒரு டம்ளர் டீ போட்டேன். கட்டிலில் என் பக்கம் இருந்த போர்வையை மடித்தேன். மனைவியின் பக்கம் கலைவதில்லை. குளித்தேன். அலுவலகத்துக்குப் போன் செய்து இன்று வரமாட்டேன் என்று சொன்னேன். பரண் மேலிருந்து பழைய பூட்ஸை எடுத்தேன். மூன்று வருடத்தில் தோல் விறைத்துப்போயிருந்தது.

ட்ரயல்ஸ் பந்தயம் பலருக்குத் தெரியாது. அதில் வேகம் முக்கியமில்லை. பாறை, மரக்கட்டை, ஓடை எல்லாவற்றின் மேலும் மோட்டார் சைக்கிளில் நின்றபடியே ஏறி இறங்க வேண்டும். வண்டிக்கு சீட்டே இருக்காது. கால் தரையில் பட்டால் மதிப்பெண் போச்சு. ஓட்டுபவனுக்குக் கீழே நின்று வழி சொல்ல ஒரு துணையாள் உண்டு. எனக்கு என் மனைவி. நுரையீரல் நோயில் அவள் போனபின் வண்டியை விற்றுவிட்டேன். அதன்பிறகு எதுவும் உறைக்கவில்லை. மறுபடி வண்டி ஏறினால் ஏதாவது உறைக்குமா என்று பார்க்க நினைத்தேன். அவ்வளவுதான்.

ட்ரயல்ஸ் வண்டி விற்பனைக்கு என்ற விளம்பரத்தில் இருந்த முகவரி ஒரு பழைய பட்டறை. ஜன்னல் இல்லாத நீண்ட அறை. முன்னால் இருந்த இரும்பு ஷட்டர்தான் ஒரே வழி. விற்பவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"நல்லா பாருங்க தம்பி. உக்கார இடமே இல்லாத வண்டிய எவன் வாங்குவான்னு வீட்ல ஒரே கிண்டல்."

"நீங்க ஓட்டுவீங்களா?"

"எனக்கு நேரா நடக்கவே வராது. இது என் தம்பி வண்டி. இப்ப ஓட்டறதில்ல."

பழைய ட்ரயல்ஸ் வண்டி வாங்குபவன் முதலில் குனிந்து எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகட்டைத் தடவிப் பார்ப்பான். பாறையில் இடித்து நெளிந்திருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. டயரில் புது ரப்பரின் முடி அப்படியே இருந்தது. பாறையையே பார்க்காத வண்டி. எனக்கு யோகம்தான் என்று நினைத்தேன்.

ஆனால் கால் வைக்கும் பெக்குகள்...

அவற்றின் பற்கள் மழுங்கித் தேய்ந்திருந்தன. யாரோ வருடக்கணக்கில் அவற்றின்மேல் நின்றதுபோல.

மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தம் கேட்டா மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துடுவார். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, வண்டி பேப்பரை எடுத்துட்டு வந்துடறேன்."

முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. எஞ்சினை நிறுத்தும் காந்தக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினேன். ஆள் விழுந்தால் காந்தம் பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் நின்றுவிடும். ஏறினேன். க்ளட்சைப் பிடித்தபடி, நகராமல் நின்று பார்த்தேன்.

வண்டி ஆடவே இல்லை. இவ்வளவு நாள் கழித்தும் துளிகூட ஆடவில்லை.

எதிர்ச் சுவரில் கடிகாரம். 11:20.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலை ஊனாத."

அவள் குரல். பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அப்படியே நின்றேன்.

"அப்படியே நில்லு. காலை ஊனாத."

டக... டக... டக... எஞ்சின் சீராக ஓடியது. கண் எரிந்தது. தரையைப் பார்த்தேன். ஷட்டருக்குக் கீழே வெளிச்சம் இல்லை.

முழுவதும் இறங்கியிருந்தது.

இறங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். 11:42.

கயிற்றைப் பிடுங்கினேன். காந்தம் கையோடு வந்துவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை.

டக... டக... டக...

இறங்கப் பார்த்தேன். கால் பெக்கை விட்டு வரவில்லை. தலை கனத்தது. தூக்கம்... இதமான தூக்கம்...

"காலை ஊனாத."

அப்போதுதான் உறைத்தது.

அவள் காலைப் பற்றிப் பேசவே மாட்டாள். துணையாட்கள் யாருமே பேசமாட்டார்கள். காலென்று சொன்னால் ஓட்டுபவனுக்குக் கால்தான் ஞாபகம் வரும், ஊன்றிவிடுவான். 'கல்லைப் பாரு', 'வேரைப் பாரு' என்று கண்ணுக்குத்தான் வழி சொல்வாள்.

இது அவள் இல்லை.

குரல் காதருகே வந்தது.

அதில் மூச்சு இல்லை.

"ஊனாத..."

மொத்த உடம்பையும் ஒரு பக்கம் தள்ளினேன்.

விழுந்தேன்.

எஞ்சின் நின்றது.

தவழ்ந்துபோய் ஷட்டரைக் குத்தினேன். எத்தனை தடவை என்று தெரியாது. அவர்தான் வெளியிலிருந்து தூக்கினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"பாதிதான் இறக்கினேன் தம்பி. சத்தியமா பாதிதான்."

நடைபாதையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, உங்கள் தம்பி எங்கே என்று கேட்டேன்.

"இதே ரூம்லதான். ஷட்டரைப் போட்டுட்டு, நகராம நின்னு பழகுவான். எப்பவும் அதே வேலை. பாறைப்பக்கம் போகவே இல்ல. செத்ததுக்கு வண்டிப் புகைதான் காரணம்னாங்க. நாங்க திறந்தப்போ பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்னுபோயிருந்துச்சு."

"கீழ விழுந்து கிடந்தாரா?"

"இல்ல." பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "வண்டி மேல நின்னுட்டு இருந்தான். ஸ்டாண்ட் போடல. எதுலயும் சாயல. ரெண்டு காலும் பெக்லதான்."

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்களுக்கு யார் குரல்ல கேட்டுச்சு தம்பி?"

குரலைப் பற்றி நான் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

வண்டி இன்னும் விளம்பரத்தில் இருக்கிறது. நான் வேறொன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அறையில் கேட்டதை அவள் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது ஆஸ்பத்திரியில், மாஸ்கைக் கையால் ஒதுக்கிவிட்டு...

"அந்தக் கதவத் திறந்து வைடா. காத்து வரட்டும்."