குணலட்சுமி வீட்டு இரண்டாவது அறை

கரவெட்டியில் குணலட்சுமியின் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அவளும் அவளுடைய கணவர் சண்முகநாதனும் படுப்பார்கள். மற்றதில் ஊர் படுக்கும்.

ஊர் என்றால் ஊராருடைய சாமான்கள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அது. ஒரு விறாந்தை, சமையலறை, சாமிப்படம் வைக்க ஒரு மூலை, இந்த இரண்டு அறைகள், அவ்வளவுதான். வாகனம் விடக் கொட்டகை கட்டியிருக்கிற வீடுகளில் மண்வெட்டியும் உரப்பையும் அதற்குள் போய்விடும். இவர்களிடம் இருந்த வாகனம் ஒரு சைக்கிள். அதற்கு யார் கொட்டகை கட்டுவார்கள்? பின்பக்கம் கூரையை நீட்டி ஒரு பத்தி இறக்கலாம் என்று சண்முகநாதன் பத்து வருடமாகச் சொல்லி வருகிறார். சொல்வதில் மனிதர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

ஆகவே விதை வெங்காயம், மருந்தடிக்கிற மெஷின், உரப்பைகள், இடிந்துபோன பழைய வீட்டிலிருந்து கழற்றிக் காப்பாற்றிய இரண்டு வேப்பமரக் கதவுகள் எல்லாம் அந்த அறைக்குள் போயின. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குணலட்சுமிக்கு வாயில் வராத ஒரு சொல் உண்டு. ‘முடியாது’ என்று மறுக்கிற ‘ஏலாது’தான் அது. தன் வீட்டுப் பூட்டுச் சரியில்லை, கள்ளர் கொண்டுபோய்விடுவார்கள் என்று பின் வளவுக் கந்தப்பு மண்ணெண்ணெயில் ஓடுகிற, தண்ணீர் இறைக்கிற மெஷினைக் குழாயோடு கொண்டுவந்து வைத்தார். லண்டனில் இருக்கிற ஜெயரூபன் ஊருக்கு வந்து திரும்பும்போது, “அக்கா, அடுத்த முறை வரேக்கை எடுக்கிறன்” என்று இரண்டு பெரிய சூட்கேசுகளை விட்டுப் போனான். அடுத்த முறை வந்தபோது மூன்றாவதையும் கொண்டுவந்து வைத்தான். மாதர் சங்கத்துப் பிளாஸ்டிக் கதிரைகள் இருபத்தைந்து. அடுத்த வீட்டுப் பத்மாசினி தன் மகளின் கலியாணச் சமையலுக்கு வாங்கிய கிடாரம் ஒன்று. ஒரு ஆள் உள்ளே இருந்து குளிக்கலாம், அவ்வளவு பெரியது.

குணலட்சுமிக்கு இதில் உள்ளூரப் பெருமையும் இருந்தது. ஊரில் எத்தனையோ வீடு இருக்க, நம்பி இங்கேதானே கொண்டுவந்து வைக்கிறார்கள்! அறைக் கதவைத் திறந்து பக்கவாட்டில் நுழைந்து, வயிற்றை எக்கிக்கொண்டு ஒரு பிடி வெங்காயம் எடுத்து வரும்போதுகூட அவளுக்கு அலுப்பு வந்ததில்லை.

அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது, பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற திருநெல்வேலியில். அவளுடைய ஒரே மகள் தயாளினியை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. தயாளினிக்கு ஏழாம் மாதம். பார்க்கப் போன இடத்தில் குணலட்சுமி, ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பேச்சை எடுத்தாள். சம்பந்தி தவமலர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மச்சாள், குறை நினைக்காதையுங்கோ. உங்கடை வீட்டிலை கால் வைக்க இடமில்லையெல்லே. பிள்ளை இஞ்சையே நிக்கட்டும். ஆஸ்பத்திரியும் கிட்ட.”

தவமலரின் வீடு ஆறு அறை வீடு. கம்பஸில் படிக்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். புருசன் காலமாகிவிட்டார். மகன் கோபிசங்கருக்கு வவுனியாவில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவான். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் குணலட்சுமிக்குக் கூடுதலாகச் சுட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் முழுத் தூரமும் ‘கால் வைக்க இடமில்லை’ என்ற அந்தச் சொல்லையே மென்றுகொண்டு வந்தாள்.

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் இருந்து பெறுவது இந்தப் பக்கத்து வழமை. வழமையை விடுங்கள், அவளுக்கு ஆசை. பிள்ளைப்பேற்றுச் சரக்கு அரைத்துக் கறி காய்ச்சி மகளுக்குக் கொடுக்க வேண்டும். குழந்தையைக் காலில் கிடத்திக் குளிக்க வார்க்க வேண்டும். இந்த வீட்டுச் சுவர் ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்க வேண்டும். அவளிடம் இருந்தது ஒரு மகள், ஒரு தலைப்பிள்ளை, இரண்டு மாதம்.

முதலில் யாருக்கும் சொல்லாமல் தானே இடம் பண்ணப் பார்த்தாள். தங்கள் கட்டில் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தி உரப்பைகளை அடியில் தள்ளினாள். விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிச் சாமி மூலைக்கு மேலே தூக்கினாள். பிள்ளையார் வெங்காய மணத்தோடு இருக்க வேண்டியதாயிற்று. ‘ஒரு மாதம் பொறுத்துக்கொள், அப்பனே’ என்று கும்பிட்டுக்கொண்டாள். தண்ணீர் மெஷினைச் சமையலறைக்கு உருட்டினாள். சண்முகநாதன் மூன்று நாள் பேசாமல் சாப்பிட்டார். நாலாம் நாள், “இஞ்சேர், சொதிக்குள்ளை மண்ணெண்ணெய் விடுறனியே?” என்று கேட்டார். மெஷின் திரும்ப அறைக்குப் போனது.

வேறு வழியில்லை, சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் எப்படி? நம்பி வைத்த பொருளை, அவர்கள் கேட்காமல், “எடுத்துக்கொண்டு போங்கோ” என்று சொன்னால் இந்த ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கோபம். உறவு முடிந்தது. குணலட்சுமி நாலு நாள் யோசித்தாள். பத்மாசினி கூடப்பிறக்காத தங்கைபோல; அவள் பிழையாக நினைக்க மாட்டாள் என்று அவளிடமே தொடங்கினாள். கிடாரத்தைப் புளி போட்டு மினுக்கி, அந்தியில் சண்முகநாதனிடம் கொடுத்து அனுப்பினாள். அவர் அதை உருட்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் போய்வர விட்டிருக்கிற வேலிப் பொட்டால் போனார். “குணம் தரச் சொன்னது” என்றார். திரும்பி வந்தார். அதற்கு மேல் ஒரு சொல் பேசினால் மனிதருக்குப் பல் கொட்டிவிடும்.

அடுத்த நாள் காலை வேலிப் பொட்டு ஓலை வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

குணலட்சுமி தண்ணீர்வாளியோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் நினைவு வந்தது. கிடாரத்தை வெறுமையாக அனுப்பியிருக்கிறாள்! இரவல் வாங்கிய, அரிசி அளக்கிற சுண்டுக்குள்கூட நாலு அரிசி போடாமல் யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு கத்தரிக்காய், ஒரு தேசிக்காய், ஏதாவது ஒன்று உள்ளே கிடக்க வேண்டும். வெறும் பாத்திரம் போனால், உனக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை என்று போனதாகத்தான் கணக்கு. அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில்.

“அரிசி போடச் சொல்லி நீ சொல்லேல்லையே” என்றார் சண்முகநாதன்.

“எனக்குத்தான் மறந்துபோச்சு. உங்களுக்குமே?”

போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அடைத்த வேலியைச் சுற்றிக்கொண்டு தெருப் படலையால் போக அவளுக்குக் கால் வரவில்லை. கோயிலடியில் கண்டபோது பத்மாசினி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு கிடாரத்துக்கே இப்படியென்றால் மற்றச் சாமான்களை யாரிடம் போய்ச் சொல்வது? அறை இருந்தபடி இருந்தது. ஒன்பதாம் நாள் குணலட்சுமி மகளுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளை, நீ அங்கையே நில். மாமி சொல்லுறது சரிதான்.”

“நீங்கள் சொன்னாச் சரியம்மா” என்றாள் தயாளினி. சரியில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. போனை வைத்துவிட்டுக் குணலட்சுமி ஜெயரூபனுடைய சூட்கேசின் மேல் இருந்து அழுதாள். அழுவதற்குக்கூட அந்த அறையில் வேறு இடம் இருக்கவில்லை.

பத்தாம் நாள் காலை வேலியடியில் சரசரவென்று சத்தம். பத்மாசினி தான் கட்டிய ஓலையைத் தானே பிய்த்துக்கொண்டு நின்றாள். பொட்டால் நுழைந்து நேரே முற்றத்துக்கு வந்தாள்.

“குணமக்கா, பத்து நாளா எனக்குச் சோறு இறங்கேல்லை. நான் என்ன பிழை விட்டனான்? முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. வைதாலும் பரவாயில்லை.”

குணலட்சுமிக்கு வாய் கோணியது. எல்லாவற்றையும் கொட்டினாள்: திருநெல்வேலியில் கேட்ட சொல்லை, மண்ணெண்ணெய்ச் சொதியை, மறந்துபோன அரிசியை, நேற்று எடுத்த போனை. பத்மாசினி கேட்டுவிட்டு எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“பிள்ளைப்பேறுக்கு அறை வேணுமெண்டு ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு வாயில்லையே?” என்றாள். “தயா ஆற்றை பிள்ளை? எங்கடை பிள்ளையெல்லே! என்னைச் செருப்பாலை அடிச்சிருக்கலாம் நீங்கள்.”

இரண்டு பேரும் அழுதார்கள். சண்முகநாதன் நிலைமையைப் பார்த்துவிட்டு மெல்லத் தோட்டத்துக்கு நழுவினார்.

அந்தச் சனிக்கிழமை பத்மாசினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். மாதர் சங்கத்துச் செயலாளர் அவள். ஆட்களை வேலை வாங்குவது அவளுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல. கதிரைகள் இருபத்தைந்தும் அவளுடைய விறாந்தைக்குப் போயின. கந்தப்பு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“பிள்ளை, நான் புதுப் பூட்டு வாங்கி இரண்டு வருசமாச்சு. வந்து கேட்டால், என்னிலை நம்பிக்கையில்லாமல் போச்சோ எண்டு நீ நினைப்பாய். அதாலைதான் விட்டிட்டன்.”

குணலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் எடுக்கவில்லையே என்று இவளும், இவள் குறை நினைப்பாளே என்று அவரும், நடுவில் மெஷின் மட்டும் சுகமாகப் படுத்திருக்கிறது! லண்டனுக்குப் போன் எடுத்தபோது ஜெயரூபன், “அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்கே ஞாபகமில்லையக்கா, திறந்து பாருங்கோ” என்றான். திறந்தால் தடித்த குளிர்ச்சட்டைகள், கம்பளிச் சப்பாத்துகள். பங்குனி வெயிலில் கரவெட்டியில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அமுக்கிப் பத்திரமாகக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். மற்ற இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்குள் ஒன்று போய் அலுமாரிக்கு மேலே ஏறின. சாமான் எடுத்துப் போன ஒருவரையும் குணலட்சுமி வெறுங்கையோடு விடவில்லை. கதிரைக்கும் மெஷினுக்கும் கூட ஆளுக்கு ஒரு பிடி வெங்காயம் போயிற்று. போனவர்கள் சும்மா போனார்களா? கந்தப்பு வீட்டிலிருந்து ஒரு தொட்டில் வந்தது. பத்மாசினி மஞ்சளும் மல்லியும் வறுத்து இடித்துக் கொண்டுவந்தாள்.

மிஞ்சியது வேப்பமரக் கதவுகள் இரண்டும். அவற்றைத் தொட்டால் சண்முகநாதனுக்குப் பிடிக்காது என்று ஊருக்கே தெரியும். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை குணலட்சுமி சந்தையால் வரும்போது சமையலறைச் சுவரில் இரும்புத் தாங்கிகள் இறுக்கியிருந்தன. அவற்றின் மேலே, தலைக்கு எட்டாத உயரத்தில், கதவுகள் இரண்டும் நீட்டுக்குக் கிடந்தன. அறுக்கவில்லை, ஒரு ஆணி அடிக்கவில்லை. வெங்காயப் பிடிகளும் மருந்து மெஷினும் அவற்றின் மேல் ஏறியிருந்தன. பத்து வருடம் பத்தியைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் இதை ஒரு நாளும் சொல்லவில்லை, செய்துவிட்டார். குணலட்சுமி அவருக்கு அன்றைக்கு இரண்டு முட்டை பொரித்தாள்.

அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்த பிறகு அவள் நடுவில் நின்று, “தயா” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இந்த வீட்டுக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியம். எத்தனை பேர் சேர்ந்து அதை எடுத்துத் தந்திருக்கிறார்கள்! போன் எடுத்து, “வா பிள்ளை” என்றாள். அந்தப் பக்கத்தில் தயாளினி சின்னப் பிள்ளைபோலக் கத்தினாள்.

ஒன்பதாம் மாதம் தொடங்கி மூன்றாம் நாள், தவமலரே மருமகளை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். அவள் அறைக்குள் போய்க் கட்டிலைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள், குனிந்து கட்டிலுக்கடியிலும் பார்த்தாள். குணலட்சுமி வாசலில் நின்றாள். ஒரு மாதமாக இந்த நேரத்துக்கென்று நாலு சொல் தயார்பண்ணி வைத்திருந்தாள், நல்ல கூர்மையான சொற்கள்.

“நல்ல வெளிச்சம்” என்றாள் தவமலர். “காத்தும் வருது.”

தேத்தண்ணி குடித்தாள். ஓட்டோக்காரன் ஒரு தரம் ஹோர்ன் அடித்தான். எழுந்தவள் திரும்ப இருந்தாள். மருமகளின் தலையை ஒரு தரம் தடவினாள்.

“கம்பஸ் பிள்ளையளும் லீவிலை போட்டினம், மச்சாள்” என்றாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “கோபி வெள்ளிக்கிழமைதான் வருவான். இவளும் இல்லாட்டி ஆறறையும் பூட்டித்தான் கிடக்கும். இரவிலை லைற்றைப் போட்டுக்கொண்டு இருக்கிறனான்.”

குணலட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. இடமில்லை என்று அன்றைக்குச் சொன்ன வாய், போகாதே என்று சொல்லத் தெரியாமல்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது. தயார்பண்ணி வைத்த நாலு சொல்லும் போன இடம் தெரியவில்லை. அவள் படலையடிக்குப் போனாள். ஓட்டோவுக்குள் சீற்றுக்கடியில் ஒரு சின்னப் பை இருந்தது. வாய்ச் சிப்பை இழுத்துப் பூட்டாமல், மாற்றுச் சேலையின் கரை வெளியே தெரிந்தது. தயாளினியின் சாமான்கள் எல்லாம் ஏற்கெனவே இறக்கியாயிற்று.

குணலட்சுமி ஓட்டோக்காரனைப் போகச் சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்து அறைக்குள், மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பாய் இஞ்சை போடவோ, யன்னலடியிலை போடவோ, மச்சாள்?” என்று கேட்டாள்.